பதினாறு இலக்கத்தில் ஒரு வழக்கு: இ-கோர்ட்ஸ் மென்பொருளைப் புதியவர்கள் கையாளும் முறை

மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் வழக்கறிஞராகவோ குமாஸ்தாவாகவோ புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரத்தில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். சீனியர் ஒரு வழக்குக் கட்டை எடுத்துக் கையில் கொடுத்து, "இதுக்கு அடுத்த வாய்தா என்னைக்குன்னு பாருப்பா" என்பார். முன்பெல்லாம் அதற்காகப் பெஞ்ச் கிளார்க்கின் மேசையருகே போய் நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, ஏ டைரி என்னும் நீதிமன்ற நாட்குறிப்பேட்டில் விரல்வைத்துத் தேடவேண்டும். இப்போது கைபேசியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், நம் வழக்கு அதில் பிழையில்லாமல் ஏறவேண்டுமானால் நாம் என்ன செய்யவேண்டும் என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. இக்கட்டுரை அதற்காக எழுதப்படுகிறது. தம் வழக்கைத் தாமே பின்தொடர விரும்பும் கட்சிக்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

திரைக்குப் பின்னால் இருப்பது எது

இந்திய நீதித்துறையைக் கணினிமயமாக்குவதற்கான தேசியக் கொள்கையை உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி 2005-இல் வகுத்தது. அதன் வழியே வந்த இ-கோர்ட்ஸ் திட்டத்தின் முதல் கட்டம் 2015-இல் முடிந்தது. இரண்டாம் கட்டம் 2015 முதல் 2023 வரை, 1,670 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் நடந்தது. இரண்டாம் கட்டத்தின் முடிவில் நாடெங்கும் 18,735 மாவட்ட, சார்நிலை நீதிமன்றங்கள் கணினிமயமாகியிருந்தன. 7,210 கோடி ரூபாயில் நான்காண்டுகளுக்கான மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது.

தொகைகளைவிட, எல்லா நீதிமன்றங்களும் ஒரே மென்பொருளுக்குள் எப்படி வந்தன என்பதுதான் புதியவர் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம். ஒரே வகையான உரிமையியல் வழக்கை நாம் தமிழ்நாட்டில் ஓ.எஸ். (அசல் வழக்கு) என்கிறோம், மகாராஷ்டிரத்தில் அது ஆர்.சி.எஸ்.; வங்காளத்தில் சொத்துரிமை வழக்கு என்றால் டி.எஸ். ஒவ்வொரு உயர் நீதிமன்றத்துக்கும் தனி விதிகள், தனிப் பதிவேடுகள், தனிப் படிவங்கள். இவற்றையெல்லாம் ஒரே அச்சில் வார்க்க முயன்றிருந்தால் திட்டம் அங்கேயே முடங்கியிருக்கும். தேசிய தகவல் மையத்தின் புனே பிரிவு உருவாக்கிய சி.ஐ.எஸ். என்னும் வழக்குத் தகவல் மென்பொருள் வேறு வழியில் போனது. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு மையப் பகுதி உண்டு. அதில் யாரும் கைவைக்க முடியாது. அதைச் சுற்றி, அந்தந்த உயர் நீதிமன்றம் தன் நடைமுறைக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய புறப்பகுதி உண்டு. உபுண்டு, பி.எச்.பி., போஸ்ட்கிரெஸ் எனக் கட்டற்ற மென்பொருள்களின் மேலேயே இது கட்டப்பட்டிருப்பதால், ஆயிரக்கணக்கான நீதிமன்றக் கணினிகளுக்கு உரிமக் கட்டணம் செலுத்தும் சுமையும் இல்லாமற்போயிற்று.

இதில் பயன்படுத்துவோர் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. நீதிபதி மேடையில் "பதினான்காம் தேதி" என்கிறார். அதைக் கேட்ட ஊழியர் ஒருவர் குறிப்பெடுத்து, அன்று மாலையோ மறுநாளோ மென்பொருளில் பதிகிறார். அது தேசியத் தரவுத் தொகுப்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகே நம் கைபேசியில் தெரிகிறது. அதாவது நாம் பார்ப்பது நீதிமன்ற உத்தரவை அல்ல, அதைப் பற்றி ஒருவர் தட்டச்சு செய்த குறிப்பை. பின்வரும் யோசனைகள் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவைதான்.

முதல் வேலை: சி.என்.ஆர். எண்ணைக் கட்டின் மேலட்டையில் எழுதுங்கள்

நீதிமன்றத்தில் தாக்கலாகும் ஒவ்வொரு வழக்குக்கும் இம்மென்பொருள் சி.என்.ஆர். என்னும் பதினாறு இலக்க எண்ணைத் தருகிறது. அதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் இரண்டு எழுத்துகள் மாநிலத்தைக் குறிப்பவை, தமிழ்நாட்டுக்கு டி.என். அடுத்த இரண்டு எழுத்துகள் மாவட்டம். அதற்கடுத்த இரண்டு இலக்கங்கள் நீதிமன்ற அமைப்பைக் குறிக்கும். பிறகு ஆறு இலக்கத்தில் வரிசை எண். கடைசி நான்கும் ஆண்டு. இடையில் கோடோ புள்ளியோ இடைவெளியோ கிடையாது. பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தை அடித்துவிட்டு "வழக்கே இல்லை என்கிறது" என்று பதறி வருபவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

வழக்கு எண் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். ஓ.எஸ். 45/2019 என்ற எண்ணில் ஒரே ஊரில் மாவட்ட உரிமையியல் (முன்சீஃப்) நீதிமன்றத்தில் ஒன்றும், சார்பு நீதிமன்றத்தில் ஒன்றும், மாவட்ட நீதிமன்றத்தில் ஒன்றும் இருக்கலாம். சி.என்.ஆர். நாடு முழுவதிலும் ஒரு வழக்குக்குத்தான் உண்டு. அது தாக்கலின்போதே பிறந்துவிடுவதால், பிராது (வழக்கு மனு) இன்னும் கோப்புக்கு எடுக்கப்படாமல் சி.எஃப்.ஆர். என்னும் தாக்கல் எண்ணோடு மட்டும் கிடக்கும் நாட்களிலும் அதைக்கொண்டே நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். தாக்கல் எண் வேறு, பதிவு எண் வேறு, சி.என்.ஆர். வேறு என்பதை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மின்தாக்கல் செய்தால் அதற்கென்று நான்காவதாக ஓர் எண்ணும் வரும். நான்கையும் கட்டின் மேலட்டையில், பென்சிலில் அல்ல, பேனாவில் எழுதிவைப்பது எங்கள் அலுவலக வழக்கம்.

எண் தெரியாத வழக்கைத் தேடுதல்

கட்சிக்காரர் பெரும்பாலும் எண்ணோடு வரமாட்டார். "எங்க சித்தப்பா பேர்ல ஒரு கேஸ் போட்டிருக்காங்களாம்" என்றுதான் வருவார். இ-கோர்ட்ஸ் சேவைத் தளத்திலும் அதன் கைபேசிச் செயலியிலும் கட்சிக்காரர் பெயர், வழக்கறிஞர் பெயர், முதல் தகவல் அறிக்கை எண், சட்டம், வழக்கு வகை எனப் பல வழிகளில் தேடலாம். முதலில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுக்கவேண்டும். பெயர்வழித் தேடலுக்குக் குறைந்தது மூன்று எழுத்துகளும் ஆண்டும் தேவை. நடப்பு, முடிந்தது, இரண்டும் என்னும் தெரிவில் எப்போதும் "இரண்டும்" என்பதையே வைத்துக்கொள்ளுங்கள்; கட்சிக்காரருக்குத் தெரியாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்ட வழக்கு "முடிந்தது" என்பதில்தான் ஒளிந்திருக்கும்.

பெயர்தான் பெரிய சிக்கல். நம் பெயர்கள் ஆங்கில எழுத்தில் பதிவாகின்றன. அதற்கு ஒரு முறையும் இல்லை. ஜெயலட்சுமியை ஜே-இ என்று தொடங்குபவர் உண்டு, ஜே-ஏ என்று தொடங்குபவரும் உண்டு. முத்து என்பதில் டி-க்குப் பின் எச் போடுவோர், போடாதோர், இரண்டு டி போடுவோர் என மூன்று கட்சி. தலைப்பெழுத்தைச் சிலர் முன்னாலும் சிலர் பின்னாலும் போடுகிறார்கள். ஆகவே முழுப் பெயரையும் அடித்துப் பார்த்துவிட்டு இல்லை என்ற முடிவுக்கு வராதீர்கள். பெயரில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதக்கூடிய சிறு துண்டை எடுத்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் எதிர்த்தரப்பின் பெயரில் அதையே செய்யுங்கள். ஒவ்வோர் ஆண்டாகத் தேடவேண்டியிருப்பதால் இதற்குப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு முறையும் திரையில் காட்டும் படக்குறியீட்டு (கேப்ச்சா) எழுத்துகளை வேறு அடிக்கவேண்டும்.

மாவட்டத்தைத் தேர்வதிலும் தவறு நேர்கிறது. வருவாய் மாவட்டம் பிரிந்த நாளிலேயே நீதித்துறை மாவட்டமும் பிரிந்துவிடுவதில்லை. தென்காசி 2019-இல் தனி மாவட்டமானது. அதற்கு முன்பு அப்பகுதி நீதிமன்றங்களில் தாக்கலான வழக்கைத் தேடுபவர் திருநெல்வேலியின் கீழும் பார்க்கத்தான் வேண்டும். அதேபோல் ஒரு தாலுகாவில் புதிதாகச் சார்பு நீதிமன்றம் திறக்கப்பட்டால் பழைய வழக்குகள் அங்கே மாற்றப்பட்டு வேறு எண் பெறும். பழைய எண்ணில் தேடினால் மாற்றப்பட்டது என்ற குறிப்பு மட்டும் தெரியும். வழக்கு முடிந்துவிட்டதென்று நினைத்துவிடாமல், பக்கத்தின் அடியில் இருக்கும் மாறுதல் விவரத்தைப் பாருங்கள். உயர் நீதிமன்ற வழக்கானால் அதற்குரிய தனிப் பக்கத்துக்குப் போய், சென்னை முதன்மை அமர்வா மதுரைக் கிளையா என்பதையும் சொல்லவேண்டும்.

வழக்குப் பக்கத்தைப் படிக்கும் விதம்

வழக்கு கிடைத்ததும் எல்லோர் கண்ணும் "அடுத்த விசாரணைத் தேதி" என்ற வரிக்குத்தான் ஓடும். ஆனால் பக்கத்தின் உயிர் அதன் கீழே விசாரணை வரலாறு என்ற அட்டவணையில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வாய்தாவும் எந்த நீதிபதி முன்பு, எதற்காக வந்தது என்ற விவரம் வரிசையாக இருக்கும். அன்றைய நடவடிக்கைத் தேதியைத் தொட்டால் அன்று என்ன நடந்தது என்ற சுருக்கக் குறிப்பு திறக்கும். "எதிர்வழக்குரைக்காக", அதாவது பிரதிவாதியின் எழுத்துப் பதிலுக்காக, என்று ஐந்தாறு வாய்தா தொடர்ந்து இருந்தால் பிரதிவாதி இழுத்தடிக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். அழைப்பாணை சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்கள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாட்கள் வரை என்று எதிர்வழக்குரைக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் வரம்பு வைத்திருப்பதால், அந்த அட்டவணையை எண்ணிப் பார்த்தாலே வாதிக்காக அடுத்து என்ன மனு போடலாம் என்று தோன்றிவிடும். வழக்கு நடக்கும்போதே இடையில் போடும் இடைமனுக்களுக்குத் தனிப் பகுதி இருக்கும். மூல வழக்கின் வாய்தாவை மட்டும் பார்த்துவிட்டு இடைமனுவின் வாய்தாவைத் தவறவிடுவது ஜூனியர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

பிரதிவாதிகளின் பட்டியலையும் வழக்கறிஞர் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நீங்கள் வக்காலத்து தாக்கல் செய்து மூன்று வாய்தா ஆகியும் உங்கள் பெயர் ஏறவில்லையென்றால், வழக்கறிஞர் பெயர்வழித் தேடலிலும் பதிவெண் வழித் தேடலிலும் அந்த வழக்கு உங்களுக்கு வராது. உங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை. வக்காலத்தில் பார் கவுன்சில் பதிவெண்ணையும் கைபேசி எண்ணையும் தெளிவான எழுத்தில் எழுதினால் இதில் பாதி தீர்ந்துவிடும். மீதியைப் பெஞ்ச் கிளார்க்கிடம் நேரில் சொல்லித்தான் தீர்க்கவேண்டும்.

பாலியல் குற்றங்கள், குழந்தைகள் தொடர்பான வழக்குகள் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிவருவதைச் சட்டம் தடைசெய்கிறது. அத்தகைய வழக்கில் விவரங்களோ உத்தரவுகளோ பொதுப்பார்வைக்குத் திறக்காவிட்டால் அது மென்பொருளின் கோளாறு அல்ல. அதற்கு மாறாக, அப்படிப்பட்ட பெயர் எங்காவது தெரிந்துவிட்டால் அன்றே நீதிமன்ற அலுவலகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோங்கள்.

தேதியை நம்பி நான் ஏமாந்த கதை

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிலத் தகராறில் நான் பிரதிவாதிக்காக ஆஜராகியிருந்தேன். அன்று வேறொரு நீதிமன்றத்தில் வேலை இருந்ததால் வாய்தா அழைக்கும்போது உள்ளே இல்லை. மாலையில் செயலியைப் பார்த்தேன், 21 என்று இருந்தது, டைரியில் குறித்துக்கொண்டேன். உண்மையான தேதி 12. இரண்டு எண்கள் இடம்மாறிப் பதிவாகியிருந்தன. 12-ஆம் தேதி வழக்கு மூன்று முறை அழைக்கப்பட்டு, யாரும் வராததால் பிரதிவாதி ஒருதலைப்பட்சமாக்கப்பட்டு, சில நாட்களில் தீர்ப்பாணையும் ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்பாணையை ரத்துசெய்யக்கோரும் மனுவை 30 நாட்களுக்குள் போடவேண்டும், போட்டேன். ஆனால் மனுவில் "இணையப் பக்கத்தில் 21 என்று இருந்தது" என்று சொல்ல என்னிடம் சான்று எதுவும் இல்லை, ஏனெனில் அதற்குள் யாரோ பதிவைத் திருத்தியிருந்தார்கள். என் வாக்குமூலத்தை மட்டும் வைத்து, செலவுத்தொகை செலுத்தச்சொல்லி மனு அனுமதிக்கப்பட்டது. தொகையை நான்தான் கட்டினேன். கட்சிக்காரரிடம் கேட்க மனம் வரவில்லை.

தட்டச்சு செய்த ஊழியர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளில் எண்பது தொண்ணூறு வழக்கு அழைக்கப்படும் நீதிமன்றத்தில் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்து பதிபவருக்கு அது நேரக்கூடியதுதான். ஆனால் அன்றிலிருந்து மூன்று பழக்கங்களை விடாமல் கடைப்பிடிக்கிறேன். வாய்தா அழைத்தபோது நேரில் இல்லாத வழக்குகளுக்குத் திரையில் பார்த்த தேதியை மறுநாள் காலை நீதிமன்றத்திலேயே கேட்டு உறுதிசெய்வேன். தேதி வழக்கத்துக்கு மாறாக மிக அருகிலோ மிகத் தொலைவிலோ இருந்தால் அன்றே கேட்பேன். அத்துடன், முக்கியமான வழக்கின் பக்கத்தைப் பார்த்த நாளும் நேரமும் தெரியும்படி பி.டி.எஃப். ஆகச் சேமித்துக் கட்டோடு வைப்பேன். கடைசிப் பழக்கம் இதுவரை இருமுறை கைகொடுத்திருக்கிறது.

செயலியில் பட்டியல் கட்டுதல்

கைபேசிச் செயலியில் நம் வழக்குகளைச் சேர்த்துவைக்கும் வசதி உண்டு. சி.என்.ஆர். எண்ணை இட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டால், நாள்தோறும் ஒருமுறை புதுப்பித்து, இன்றைய வழக்குகள் எவை என்று ஒரே பார்வையில் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பட்டியல் கைபேசியில்தான் இருக்கிறது என்பதை மறவாதீர்கள். கைபேசி தொலைந்தால் பட்டியலும் போயிற்று. அதைக் கோப்பாக வெளியே எடுத்துவைக்கவும், வேறு கைபேசியில் மறுபடி ஏற்றவும் செயலியிலேயே வழி இருக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். அந்தக் கோப்பைச் சீனியரின் கைபேசியில் ஏற்றிக்கொடுத்தால் அவருக்கும் ஒரு டைரி தயார், உங்களுக்கும் கொஞ்சம் நல்ல பெயர்.

தாக்கலின்போது கட்சிக்காரரின் கைபேசி எண்ணைத் தந்தால் அவருக்கே குறுஞ்செய்தி போகும். பல அலுவலகங்களில் எல்லா வழக்குக்கும் குமாஸ்தாவின் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். "கட்சிக்காரர் சும்மா சும்மா ஃபோன் பண்ணுவார்" என்பது அதற்குச் சொல்லும் காரணம். எனக்கு இதில் உடன்பாடில்லை. வழக்கு அவருடையது, அதன் தேதி அவருக்குத் தெரிவதில் நமக்கு என்ன நட்டம்?

மின்தாக்கல்: இங்கேதான் நிதானம் வேண்டும்

மின்தாக்கலைக் கட்டாயமாக்குவது பற்றித் தமிழ்நாட்டு வழக்கறிஞர் சங்கங்கள் பலமுறை எதிர்ப்புத் தெரிவித்திருக்கின்றன. சிறு ஊர்களில் ஸ்கேனர், இணைய வேகம், பயிற்சி பெற்ற ஆள் இல்லை என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. எந்த வகை வழக்குக்கு அது கட்டாயம், காகிதக் கட்டும் கூடவே தரவேண்டுமா என்பவை சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறுவதால், உங்கள் நீதிமன்றத்தின் அன்றைய நிலையைத் தாக்கல் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டாயமோ இல்லையோ, கற்றுக்கொள்வதைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை.

முதலில் மின்தாக்கல் தளத்தில் கணக்குத் தொடங்கவேண்டும். வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் பதிவெண். சொந்தமாக வழக்காடுபவருக்கு அடையாளச் சான்று. கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் நாளைக்கும் உங்களிடமே இருக்கப்போகிறவையாக இருக்கட்டும். ஒருமுறைக் கடவுச்சொல் எல்லாம் அங்கேதான் வரும்.

அடுத்து, பிராதை எழுதுவதற்கு முன்பே ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: கட்சிக்காரர்களின் முழுப் பெயர், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, அஞ்சல் எண், கைபேசி எண், பொருந்தும் சட்டமும் பிரிவும், வழக்கு மதிப்பு, வழக்குமூலம் எழுந்த நாள். தளத்தில் நிரப்பவேண்டிய கட்டங்கள் இவைதான். நீங்கள் இங்கே அடிக்கும் எழுத்தே மென்பொருளுக்குள் போய், அழைப்பாணையிலும், வழக்குப் பட்டியலிலும், தீர்ப்பாணையிலும் வரும். முன்பு பெயரைத் தவறாக அடித்தது அலுவலகப் பிழை என்று சொல்லிவிடலாம். இப்போது பிழை நம்முடையது. எனவே பெயரை ஆதார் அட்டையிலோ பத்திரத்திலோ உள்ளபடியே அடியுங்கள். எட்டு பிரதிவாதிகள் இருந்தால் எட்டு பேரையும் சேர்க்கவேண்டும். முதல் பெயரை அடித்து "மற்றும் ஏழு பேர்" என்று விட்டுவிட்டால் அந்த ஏழு பேருக்கு அழைப்பாணை எடுக்கும்போது இடிக்கும்.

பிறகு ஆவணங்கள். ஏ4 அளவில், 300 டி.பி.ஐ. தெளிவில் ஸ்கேன் செய்து, எழுத்தைத் தேடக்கூடிய பி.டி.எஃப். ஆக மாற்றி, பக்க எண் இட்டு, ஆவணத்துக்கு ஆவணம் புக்மார்க் வைக்கவேண்டும். முப்பது நாற்பது ஆண்டுப் பழைய கிரையப் பத்திரங்களில் முத்திரைத்தாளின் பச்சை நிறம் எழுத்தை விழுங்கிவிடும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஒன்றும் தெரியாத பக்கம் சாம்பல் நிறத் தெரிவில் எடுத்தால் தெளிவாக வரும். பின்பக்கத்தில் பதிவு அலுவலக முத்திரை இருக்கும், அதையும் எடுக்க மறந்துவிடாதீர்கள். ஸ்கேன் செய்ததால் மூலப் பத்திரத்துக்கு வேலை முடிந்துவிடவில்லை. சாட்சி விசாரணையில் அதைத்தான் காட்டிச் சான்றாவணமாகக் குறியீடு செய்யவேண்டும்.

தமிழில் பிராது எழுதுவோருக்கு மட்டும் நேரும் ஒரு வம்பு இருக்கிறது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோடை) 2010-இலேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் நீதிமன்ற வாசல்களில் உள்ள தட்டச்சுக் கடைகள் பலவற்றில் இன்றும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. அவற்றில் அடித்த பிராது அச்சில் அழகாகவே இருக்கும். ஆனால் அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்துத் தளத்தின் கட்டத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்து விழும், பி.டி.எஃப். கோப்பில் "வாதி" என்று தேடினால் ஒரு வாதியும் அகப்படமாட்டார். கடைக்காரரிடம் தொடக்கத்திலேயே "யூனிகோடில் அடித்துக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அடித்து முடித்த கோப்பிலிருந்து ஒரு வரியை வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் சரி.

கையொப்பத்துக்கு டிஜிட்டல் கையொப்பச் சாவியோ ஆதார் வழி மின்கையொப்பமோ பயன்படும். கட்டணத்தை இ-பே வழியாகவோ, ஸ்டாக் ஹோல்டிங் நிறுவனத்தின் மின்முத்திரை வழியாகவோ செலுத்தலாம். எவ்வளவு என்பதை நிர்ணயிப்பது 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டமே, தளம் அல்ல. பணம் வங்கிக் கணக்கில் கழிந்து, தளத்தில் ஏறாமல் நின்றுவிட்டால் அவசரப்பட்டு மறுபடி கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணை எடுத்துக்கொண்டு, நிலையைச் சரிபார்த்து, அதன் பிறகே முடிவெடுங்கள்.

சமர்ப்பித்ததும் வேலை முடிந்ததென்று திரும்பிவிடக்கூடாது. தாக்கல் பிரிவு அதை ஆய்ந்து, ஏற்கும் அல்லது குறை சுட்டித் திருப்பி அனுப்பும். காகிதக் காலத்தில் ரிட்டர்ன் ஆன கட்டு ரேக்கில் கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கும். இப்போது அது நம் கணக்குக்குள் ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும். கெடு முடிவதற்குள் திருத்தி மறுபடி அனுப்பாவிட்டால் தாமதத்தை மன்னிக்கக்கோரும் மனு தனியாக வேண்டும். காலவரையறை நெருங்கிய வழக்கைக் கடைசி நாள் இரவில் தாக்கல் செய்ய உட்காராதீர்கள். சர்வர் நின்றுபோனால் அதை நிரூபிக்கும் பாரமும் நம் தலையில்தான் விழும்.

தாக்கலுக்கு முன்பே பார்த்துவிடவேண்டிய ஒன்றும் உண்டு. உறுத்துக்கட்டளை (தடையுத்தரவு) கேட்கும் வழக்கானால், தம்மைக் கேட்காமல் உத்தரவிடக்கூடாது என்று எதிர்த்தரப்பு முன்கூட்டியே கேவியட் மனு போட்டிருக்கிறதா என்று தளத்தின் கேவியட் தேடலில் பாருங்கள். கேவியட்டின் ஆயுள் 90 நாட்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் பற்றி மேலே சொன்னதெல்லாம் இங்கும் பொருந்தும்.

கணினி இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள இ-சேவை மையத்தை நாடலாம். வழக்கு நிலை பார்ப்பது முதல் மின்தாக்கலுக்கு உதவுவது வரை அங்கே செய்து தருகிறார்கள்.

அழைப்பாணையும் புள்ளிவிவரமும்

அழைப்பாணை எடுத்துச்செல்லும் அமீனாவின் கையிலும் இப்போது கைபேசி இருக்கிறது. என்ஸ்டெப் என்னும் ஏற்பாட்டில் அவர் சென்ற இடம் ஜி.பி.எஸ். வழியாகவும், சேர்ப்பித்த விவரம் உடனுக்குடனும் பதிவாகிறது. "வீடு பூட்டியிருந்தது" என்ற பழைய எழுத்து எங்கே நின்று எழுதப்பட்டது என்பதை இப்போது கேட்கமுடியும்.

நிலுவை வழக்குகளின் எண்ணிக்கையைக் காட்டும் தேசிய நீதித்துறைத் தரவுக் கட்டம் 2015 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது; 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதில் சேர்ந்தது. மாவட்ட நீதிமன்றங்களில் நிலுவை நான்கு கோடிக்கும் மேல் என்ற எண் அங்கிருந்துதான் செய்திகளுக்கு வருகிறது. ஜூனியருக்கு அந்தப் பெரிய எண் பயன்படாது. உங்கள் நீதிமன்றம்வரை இறங்கிப்போய், பத்தாண்டுக்கு மேற்பட்டவை எத்தனை என்று பாருங்கள். உங்கள் அலுவலகக் கட்டு ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால், பழைய வழக்குகளை முடிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் கேட்கும்போது முதலில் கூப்பிடப்படுவது அதுவாகத்தான் இருக்கும்; சாட்சியைத் தயாராக வைத்துக்கொள்ளலாம்.

தீர்ப்புக்குப் பிறகு

வழக்கு முடிந்ததும் தீர்ப்பின் பிரதி தளத்தில் ஏறும். அதை இறக்கிப் படிக்கலாம், கட்சிக்காரருக்கு அனுப்பலாம், மேல்முறையீட்டுக்கான காரணங்களை எழுதத் தொடங்கலாம். ஆனால் அது சான்றிட்ட நகல் ஆகாது. மேல்முறையீட்டுக்கு மாவட்ட நீதிமன்றமானால் 30 நாட்கள், உயர் நீதிமன்றமானால் 90 நாட்கள் என்ற கணக்குத் தீர்ப்பு நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்; நகல் பெற ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்ளக் காலவரையறைச் சட்டம் அனுமதிக்கிறது. தளத்தில்தான் தீர்ப்பு இருக்கிறதே என்று நகல் மனுப் போடாமல் இருப்பவருக்கு அந்தக் கழிவு கிடையாது. எனவே தீர்ப்பான அன்றோ மறுநாளோ நகல் மனுவைப் போட்டுவிடுங்கள். நகல் கைக்கு வந்ததும் முதலில் அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள்: மனுப் போட்ட நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், பெற்ற நாள் எனத் தேதிகள் வரிசையாக இருக்கும். மேல்முறையீட்டின் கெடுவை அவற்றைக் கொண்டுதான் எண்ணவேண்டும். எண்ணி, அந்த நாளைக் கட்டின் மேலட்டையில் சி.என்.ஆர். எண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.